சிவப்பு வட்டுக்குள் என்ன தெரிய வேண்டும்?

வாசகர் கேள்வி – பதில்

சூரியத் தொலைநோக்கி பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, ஊர் பெயரோடு மட்டும் தருகிறோம்.

என்னிடம் 70 மி.மீ. தொலைநோக்கி இருக்கிறது. முன்னால் சூரியத் தாள் கட்டிப் பார்த்தால் கரும்புள்ளிகள் தெரிகின்றன, வேறொன்றும் இல்லை. 40 மி.மீ. சூரியத் தொலைநோக்கியோ இதைப்போலப் பல மடங்கு விலை. சின்ன வில்லைக்கு ஏன் இத்தனை பணம்?
– ஈரோடு

பணம் வில்லைக்கு இல்லை, வடிகட்டிக்கு. நீங்கள் கட்டும் தாள் எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி மட்டுப்படுத்தி, லட்சத்தில் ஒரு பங்கு ஒளியை உள்ளே விடுகிறது. அதில் தெரிவது சூரியனின் பரப்பான ஒளிமண்டலம்: கரும்புள்ளி, விளிம்போரம் வெளிறிய திட்டு, காற்று ஒத்துழைத்தால் குருணை போன்ற மணிமணியான பரப்பு. இதற்கு மேலே மெல்லிய போர்வையாக நிறமண்டலம் இருக்கிறது. ஓரத்தில் எழும் தழல் நாக்குகளும், வட்டின் மேல் கரிய நூலாகக் கிடக்கும் இழைகளும் அந்த அடுக்கைச் சார்ந்தவை. ஆனால் அது தரும் ஒளி மொத்தத்தில் கடுகளவு. கீழிருந்து வரும் வெள்ளத்தில் மூழ்கிப்போகிறது.

தப்பிக்க ஒரு வழி உண்டு. நிறமண்டலம் தன் ஒளியைச் சில குறிப்பிட்ட நிறங்களில் மட்டுமே கொட்டுகிறது. அவற்றில் கண்ணுக்கு வசதியானது ஹைட்ரஜனின் 656.28 நானோமீட்டர் சிவப்பு, அதாவது ஹெச்-ஆல்ஃபா. அந்த ஒரு நிறக்கோட்டை மட்டும், 0.7 ஆங்ஸ்ட்ராம் அகலத்தில், அதாவது 0.07 நானோமீட்டரில் அறுத்தெடுத்தால் வெள்ளம் வடிந்து தழல் தெரியும். சாதாரணச் சிவப்புக் கண்ணாடி விடும் அகலம் இதைப்போல ஆயிரம் மடங்கு.

அறுத்தெடுப்பது எட்டலான். மிகத் துல்லியமாகச் சமதளமாக்கிய இரண்டு கண்ணாடித் தட்டுகள், நடுவே மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு இடைவெளி. ஒளி இரண்டுக்கும் நடுவே முன்னும் பின்னும் மோதி, இடைவெளிக்குப் பொருந்தும் அலைநீளம் மட்டும் வெளியே வரும். ஆனால் பொருந்தும் அலைநீளம் ஒன்றல்ல, சீப்புப் பல் போல வரிசையாக வரும். நமக்கு வேண்டிய ஒரு பல்லை விட்டு மற்றதையெல்லாம் மறைப்பது, நாம் கண்ணை வைக்கும் ஐபீஸுக்கு முன்னால் உள்ள தடுப்பு வடிகட்டி. வெப்பத்தையும் புற ஊதாவையும் தள்ளுவது முன்பக்கக் கண்ணாடி. மூன்றும் சேர்ந்துதான் பாதுகாப்பு. எட்டலானை மட்டும் கழற்றி வேறு தொலைநோக்கியில் மாட்டிக் கண்ணை வைத்தால் பார்வை போய்விடும்.

இந்த வித்தைக்கு நம் பக்கத்து ஊர் ஒன்றுக்கும் உரிமை உண்டு. 1868 ஆகஸ்ட் 18 முழுக் கிரகணத்தை குண்டூரில் பார்த்த பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென், தழல்கள் குறிப்பிட்ட சில நிறங்களில் அவ்வளவு பளிச்சென்று இருப்பதைக் கண்டார். மறுநாள் கிரகணமே இல்லாமல் நிறமாலைமானியைக் கொண்டு அவற்றைப் பார்த்தும்விட்டார். உங்கள் 40 மி.மீ. கருவி செய்வதும் அதே வேலைதான்.

புதிதாக 40 மி.மீ. ஹெச்-ஆல்ஃபா வாங்கினேன். பார்த்தால் சிவப்பாக ஒரு வட்டம், வெறும் பொட்டு மாதிரி. படங்களில் வரும் எதுவும் இல்லை. கருவி பழுதா?
– திருநெல்வேலி

பத்தில் ஒன்பது கருவிகள் பழுதில்லை, டியூன் ஆகாதவை, அதாவது எட்டலான் இன்னும் ஹெச்-ஆல்ஃபா கோட்டில் வந்து நிற்காதவை. முதல் நாள் எல்லோருக்கும் இந்த ஏமாற்றம் உண்டு. பொறுமையாக இப்படிச் செய்து பாருங்கள்.

முதலில் சூரியனைப் பிடிப்பது. குறிபார்க்கும் துளை இல்லையென்றால் தரையில் விழும் குழாயின் நிழலைப் பாருங்கள். நிழல் சுருங்கிச் சுருங்கி முழு வட்டமாகும்போது சூரியன் உள்ளே வந்துவிடும். மேலே கண்டறி தொலைநோக்கி ஏதும் மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். மூடி வைப்பது போதாது, யாராவது திறந்து பார்ப்பார்கள்.

400 மி.மீ. குவியத் தூரத்துக்கு 20 மி.மீ. ஐபீஸ் போடுங்கள், 20 மடங்கு கிடைக்கும். எடுத்த எடுப்பில் 6 மி.மீ. போடாதீர்கள். வட்டின் ஓரம் கத்தி முனை போலக் கூர்மையாகும் வரை ஃபோகஸ். கரும்புள்ளி இருந்தால் அதை வைத்து இன்னும் நுட்பமாக.

இப்போது டியூன் வளையம். இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். வளையத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக, ஒரு முழு அரை நிமிடம் எடுத்துத் திருப்புங்கள். கவனிக்க வேண்டியது வட்டின் பிரகாசம். ஹெச்-ஆல்ஃபா சூரிய ஒளியின் நிறமாலையில் ஒரு கருங்கோடு. ஆகவே சரியான இடத்தில் வட்டு மங்கும். பளிச்சென்று இருந்தால் நீங்கள் கோட்டுக்கு வெளியே இருக்கிறீர்கள், அங்கே தெரிவது தாள் கட்டிப் பார்த்த அதே சூரியன், சிவப்புச் சாயத்தோடு. மங்கும் இடத்தைக் கண்டபின் முன்னும் பின்னும் மயிரிழை மயிரிழையாக நகர்த்துங்கள். ஓரத்தில் ரோமம் போன்ற விளிம்பு எழும், அது ஸ்பிக்யூல். தழல் நாக்கு சிவப்புத் துணுக்காக வெளியே நிற்கும். வட்டின் மேல் இழைகளும், கரும்புள்ளியைச் சுற்றி வெளிறிய திட்டும் வரும்.

தழலுக்கும் வட்டுக்கும் ஒரே டியூன் பொருந்தாது. தழலைப் பார்த்து முடித்தபின் சற்றே நகர்த்தினால் வட்டு துலங்கும். இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும் என்று நடுவில் நிறுத்துவது இரண்டையும் கெடுக்கும். விளிம்பு இரட்டைக் கோடாகத் தெரிந்தால், உள் கோடு கீழிருந்து கசியும் ஒளிமண்டலம். ஒற்றை எட்டலான் கருவியில் கொஞ்சம் கசிவு இயல்புதான், அதிகமாக இருந்தால் இன்னும் டியூன் வரவில்லை.

அடுத்தது இடம். எட்டலானைச் சாய்த்து டியூன் செய்யும் கருவிகளில் காட்சிப் பரப்பு முழுதும் ஒரே தரமாக இருக்காது. ஒரு பட்டை மட்டும் நன்றாக இருக்கும். பார்க்க வேண்டிய தழலை மெதுவாக நகர்த்தி அந்தப் பட்டைக்குள் கொண்டுவாருங்கள்.

கடைசியாகக் கண். வெயிலில் நின்று இருட்டறைக்குள் எட்டிப்பார்ப்பது போன்ற வேலை இது. கறுப்புத் துணியைத் தலைமேல் போட்டு, ஐபீஸைச் சுற்றி ஒளி புகாமல் மூடி, ஐந்து நிமிடம் பாருங்கள். மற்ற எல்லா யோசனைகளையும்விட இந்த முழ நீளத் துணி அதிகம் உதவும். ஜவுளிக்கடையில் கேட்டால் உள்பாவாடைத் துணியில் கறுப்பு கிடைக்கும், போதும்.

இதையெல்லாம் செய்தும் வெறும் வட்டுதான் என்றால், அன்றைய சூரியனிலேயே சரக்கு இருக்கிறதா என்று பாருங்கள். உதய்பூர் உட்பட உலகில் ஆறு இடங்களில் இயங்கும் காங் (GONG) என்ற சூரியக் கண்காணிப்பு வலையமைப்பின் ஹெச்-ஆல்ஃபா படங்கள் இணையத்தில் அன்றாடம் கிடைக்கும். அதில் பெரிய தழல் இருந்து உங்களுக்குத் தெரியவில்லை என்றால் மட்டும் விற்றவரிடம் பேசலாம்.

காலையில் அருமையாக இருக்கும் காட்சி 11 மணிக்கு மேல் கொதிக்கும் உலைபோல ஆடுகிறது. பெரிய தொலைநோக்கி வாங்கினால் சரியாகுமா? எங்கள் வீட்டு மொட்டைமாடியில் வைத்துப் பார்க்கிறேன்.
– சென்னை, வேளச்சேரி

வாங்கினால் இன்னும் மோசமாகும். பெரிய வில்லை நுணுக்கமாகப் பார்க்கும், அதனால் காற்றின் ஆட்டத்தையும் நுணுக்கமாகவே காட்டும்.

கணக்கைப் பாருங்கள். ஹெச்-ஆல்ஃபாவில் 40 மி.மீ. வில்லை பிரித்துக் காட்டக்கூடியது சுமார் 4 வினாடிக் கோணம் (ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு ஒரு வினாடிக் கோணம்). சூரியனில் ஒரு வினாடிக் கோணம் ஏறக்குறைய 725 கி.மீ. ஆக, 40 மி.மீ.க்கு எல்லை 3,000 கி.மீ. 60 மி.மீ.க்கு 2,000. 100 மி.மீ.க்கு 1,200, அதாவது ஒரு குருணையின் அளவு. இது வில்லையின் எல்லை. மதிய நேரத்து மொட்டைமாடிக் காற்றோ இதைவிடப் பெரிதாகவே எல்லாவற்றையும் கலைத்துவிடும். அப்போது 100 மி.மீ.யும் 40 மி.மீ.யும் ஒன்றுதான்.

ஆட்டத்துக்குப் பெரும்பங்கு காரணம் உங்கள் காலடியில் இருக்கிறது. தட்டோடு பதித்த மாடி காலை ஒன்பதுக்கே சூட்டைக் குடித்துவிட்டு மேலே ஆவியாக விடுகிறது. புல்தரை நல்லது. மண்தரை பரவாயில்லை. சிமென்ட், தார், தகரக்கூரை மூன்றும் ஆகாது. எல்லாவற்றிலும் சிறந்தது நீர்ப்பரப்பு. உதய்பூர் சூரிய ஆய்வகத்தை ஃபதேசாகர் ஏரிக்கு நடுவே தீவில் கட்டியது அழகுக்காக அல்ல. தண்ணீர் தரையைப் போலச் சட்டென்று சூடேறாது, அதன் மேல் காற்று அடங்கி இருக்கும். வேளச்சேரிக்காரரான உங்களுக்கு ஏரிக்கரைக்குப் பஞ்சமில்லை. கரையின் மேற்குப் பக்கம் நின்றால் காலைச் சூரியன் தண்ணீருக்கு மேலாக இருக்கும்.

நேரம்: சூரியன் 25 முதல் 45 டிகிரி உயரத்தில் இருக்கும்போது, தோராயமாகக் காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரை. அதற்கு முன்னால் ஒளி அடர்ந்த காற்றைக் கடந்து வரும், அதற்குப் பின்னால் தரை காயத் தொடங்கிவிடும். மாடியை விட்டால் வேறு வழியில்லை என்றால் விடிந்ததும் தண்ணீர் தெளித்து நனைத்த சாக்கு விரியுங்கள், முக்கால் மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். கருவி வெயிலில் சும்மா நிற்கும்போது வெள்ளைத் துண்டு போட்டு வையுங்கள், கறுப்புக் குழாய்க்குள்ளேயும் காற்று சுழலும். பார்க்கும்போது உங்கள் தலையும் உடம்பும் குழாயின் முன்பக்கத்துக்குக் கீழே வராமல் இருக்கட்டும். மனித உடம்பும் ஓர் அடுப்புதான்.

சென்னையில் கச்சிதமாக டியூன் ஆன கருவி, கொடைக்கானல் போனபோது வளையத்தை எவ்வளவு திருப்பியும் சரியாக வரவில்லை. மலையில் சூரியன் தெளிவாக அல்லவா இருக்க வேண்டும்?
– சென்னை, அண்ணா நகர்

நல்ல கேள்வி, இதைப் பெரும்பாலான கையேடுகள் சொல்வதில்லை. உங்கள் எட்டலானின் இரு தட்டுகளுக்கு நடுவே இருப்பது வெறும் காற்று. கொடைக்கானல் வானாய்வகம் இருக்கும் 2,343 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையைவிடச் சுமார் கால் பங்கு குறைவு. காற்று மெலிந்தால் அதன் ஒளிவிலகல் எண் குறையும், எட்டலான் விடும் அலைநீளமும் நீலப் பக்கம் நகரும். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 0.4 ஆங்ஸ்ட்ராம். கருவியின் மொத்த அகலமே 0.7 என்னும்போது இது பெரிய நகர்வு.

சாய்த்து டியூன் செய்யும் கருவியில் சிக்கல் இன்னும் கூடும். எட்டலானைச் சாய்த்தால் அலைநீளம் எப்போதும் நீலப் பக்கம்தான் போகும், சிவப்புப் பக்கம் திருப்ப வழியில்லை. சமவெளியில் ஏற்கெனவே கொஞ்சமே சாய்க்க வேண்டியிருந்த கருவி, மலையில் சாய்வைப் பூஜ்யமாக்கினாலும் கோட்டைத் தாண்டியே நிற்கும். எட்டலானை மூடிய அறைக்குள் வைத்து, திருகினால் உள்ளழுத்தம் ஏறும்படி செய்த கருவிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. சூடேற்றி டியூன் செய்யும் வகையில் நடுவே காற்றுக்குப் பதில் திடத் தகடு இருப்பதால் உயரம் பாதிக்காது. ஆனால் அது நிலைப்பட ஐந்து பத்து நிமிடம் ஆகும், ஒவ்வொரு முறை குமிழைத் திருப்பிய பின்னும் காத்திருக்க வேண்டும். அடிக்கடி மலைக்குப் போகிறவர் வாங்குவதற்கு முன்பே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சூரியனைப் படம் எடுக்க வேண்டும். கைபேசி போதுமா, தனி கேமரா வேண்டுமா? கேமராவில் எடுத்தபோது படம் முழுதும் வளைவு வளைவாகக் கோடுகள் வருகின்றன.
– யாழ்ப்பாணம்

கைபேசியில் தழலைப் பதிவு செய்யலாம், வட்டின் நுணுக்கம் வராது. ஐபீஸோடு பிடிப்பானில் இறுக்கி, வெளிச்ச அளவைக் கையால் வைத்து, ஐஎஸ்ஓ 100-இல் நூறில் ஒரு வினாடியிலிருந்து தொடங்குங்கள். தானியங்கியில் விட்டால் சிவப்பு வழிந்து வட்டு ஒரே பூச்சாகிவிடும்.

கேமரா என்றால் கறுப்பு-வெள்ளை வாங்குங்கள். வண்ணக் கேமராவில் நான்கு புள்ளிகளில் ஒன்றுக்குத்தான் சிவப்பு எட்டும், மற்ற மூன்றும் வீண். புள்ளியின் அளவைத் தொலைநோக்கியோடு பொருத்த எளிய கணக்கு: புள்ளியின் மைக்ரானை மூன்றால் பெருக்கினால் தேவையான எஃப்-எண் (குவியத் தூரத்தை வில்லையின் விட்டத்தால் வகுத்தது). 2.4 மைக்ரானுக்கு எஃப்/7, 2.9-க்கு எஃப்/9, 5.86-க்கு எஃப்/18. 40 மி.மீ., 400 மி.மீ. கருவி எஃப்/10, ஆகவே 2.4-ம் 2.9-ம் பொருந்தும். சென்சார் அளவையும் பாருங்கள். குவியத் தூரத்தை 108-ஆல் வகுத்தால் சூரியப் பிம்பத்தின் விட்டம். 400-க்கு 3.7 மி.மீ. சென்சாரின் உயரம் 3.2 மி.மீ. என்றால் முழு வட்டு அடங்காது, இரண்டு படமாக எடுத்து ஒட்ட வேண்டும். சில சிறிய கருவிகளில் கேமரா ஃபோகஸுக்கே வராது, குழாய் உள்ளே போக இடம் போதாது. பிம்பத்தைப் பெரிதாக்கும் இரட்டிப்பு பார்லோவின் வில்லைப் பகுதியை மட்டும் கழற்றிக் கேமராவின் மூக்கில் திருகினால் ஒன்றரை மடங்கு பெருக்கத்தோடு ஃபோகஸ் கிடைக்கும்.

எடுக்கும் முறை: ஷார்ப்கேப் அல்லது ஃபயர்கேப்சர் மென்பொருள், எஸ்இஆர் (SER) காணொளிக் கோப்பு. ஒரு சட்டகத்துக்கு 10 மில்லிவினாடிக்கு மேல் போகாதீர்கள். காற்றின் ஆட்டத்தை உறைய வைக்க 5-க்குக் கீழே இன்னும் நல்லது, வெளிச்சம் குறைந்தால் கெயினை, அதாவது சென்சார் சமிக்ஞையின் பெருக்கத்தை, ஏற்றுங்கள். திரையில் வரும் வெளிச்ச வரைபடம் (ஹிஸ்டோகிராம்) 70 சதவீதத்தில் நிற்கட்டும். ஆயிரம் சட்டகம். எத்தனை நேரத்துக்குள்? ஸ்பிக்யூல் வினாடிக்குச் சுமார் 25 கி.மீ. வேகத்தில் எழும். 60 வினாடியில் 1,500 கி.மீ., உங்கள் 40 மி.மீ. கருவியின் எல்லையில் பாதி. ஆகவே ஒரு நிமிடம் தாங்கும். 100 மி.மீ.யில் எடுப்பவர் 20 வினாடிக்குள் முடித்துக்கொள்வது நல்லது. தழலுக்குத் தனியாக இரண்டு மூன்று மடங்கு அதிக வெளிச்சத்தில், வட்டு வெளுத்தாலும் பரவாயில்லை என்று, இன்னொரு பதிவு.

பிறகு ஆட்டோஸ்டாக்கர்ட் (AutoStakkert) மென்பொருளில் சிறந்த 10 சதவீதத்தை மட்டும் அடுக்குங்கள், நூறு சட்டகம் போதும். கூர்மையாக்க ImPPG மென்பொருள். கூர்மையை ஏற்றிக்கொண்டே போனால் ஓரத்தில் கறுப்பு வரம்பும் பரப்பில் புழு நெளிவதுபோன்ற கோலமும் வரும். அவை சூரியனில் இல்லை, நீங்கள் வரைந்தவை. அங்கிருந்து இரண்டு படி பின்வாங்குங்கள்.

இனி உங்கள் வளைவுக் கோடுகள். அவை நியூட்டன் வளையங்கள். ஒற்றை அலைநீளத்துக்கு நெருங்கிய ஒளி என்பதால் சென்சாருக்கும் அதன் மேலுள்ள மூடு கண்ணாடிக்கும் நடுவே மோதி ஒன்றோடொன்று குறுக்கிடுகிறது. கேமராவைச் சில டிகிரி சாய்க்கும் அடாப்டர் ஒன்று மாட்டினால் கோடுகள் நெருங்கி மறைந்துவிடும். அதிகம் சாய்த்தால் படத்தின் ஒரு பக்கம் ஃபோகஸ் போகும், கோடு மறையும் வரை மட்டும். மிச்சமிருப்பதற்கு சமன்படம் எடுங்கள், அதாவது கோடும் தூசியும் மட்டும் பதியும் வெற்றுப் படம், பிறகு மென்பொருளில் அவற்றை நீக்க. மளிகைக்கடை வெள்ளைப் பிளாஸ்டிக் பையை முகப்பில் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, வட்டின் நடுப்பகுதியை வைத்து, ஃபோகஸை மாற்றாமல் நூறு சட்டகம். கேமராவைத் திருப்பினாலோ டியூனைத் தொட்டாலோ சமன்படம் செல்லாது, மறுபடி எடுக்க வேண்டும்.

எட்டு டிகிரி அட்சரேகைக்கு எங்கள் ஈக்குவடோரியல் மவுன்ட் இறங்கவே இல்லை. பகலில் துருவ நட்சத்திரமும் கிடையாது. எப்படி வைப்பது?
– நாகர்கோவில்

ஈக்குவடோரியல் மவுன்ட் தன் அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாக, ஊரின் அட்சரேகை அளவுக்குச் சாய்த்துச் சூரியனைத் தொடரும் தாங்கி. அதைச் செய்பவர்கள் நாகர்கோவிலை நினைத்துச் செய்வதில்லை. பலவற்றின் அளவுகோல் 15, 20 டிகிரியோடு முட்டும். முட்டாதவற்றிலும் எடைத்தண்டு முக்காலியின் வடக்குக் காலில் இடிக்கும். ஒற்றைக் காலைத் தெற்கே, இரண்டு கால்களை வடக்கே வைத்தால் இடிக்காது. உங்கள் மவுன்ட் 15 டிகிரியில் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம், மீதி 7 டிகிரியை முக்காலியைச் சாய்த்துப் பெற வேண்டும். கால்களுக்கிடையே 90 செ.மீ. இருந்தால் தெற்குக் காலை 10 செ.மீ. நீட்டினால் சரியாக வரும். எடை முழுதும் வடக்கே சாயும், ஆகவே முக்காலிக்கு நடுவே ஒரு மணல்மூட்டை தொங்கட்டும்.

வடக்கு: திசைகாட்டி போதும். நம் பக்கம் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் ஓரிரு டிகிரிதான். ஆனால் இரும்பு முக்காலிக்கு இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்த்துத் தரையில் சுண்ணக்கோடு போடுங்கள். சரிபார்ப்பும் எளிது. வேகத்தைச் சூரிய நடையில் வைத்து ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். ஓட்டத்தை நிறுத்தினால் சூரியன் தன் விட்டத்தைக் கடக்க இரண்டு நிமிடம் எடுக்கும், அதைவிட வெகு மெதுவாக நகர்ந்தால் போதும். நிறுத்திய அந்த இரண்டு நிமிடத்தில் முன்னே செல்லும் ஓரம் மேற்கு என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

வெறும் பார்வைக்கு என்றால் மேல்-கீழ், இட-வலம் நகரும் எளிய மவுன்டே போதும் என்பது எங்கள் கருத்து. ஒரு குறை: ஏப்ரல், ஆகஸ்டில் நிழலில்லா நாட்களை ஒட்டி மதியச் சூரியன் தலைக்கு நேர் மேலே வரும்போது இந்த வகை திண்டாடும். அந்த நேரத்தில் எப்படியும் தரை கொதிக்கும், சாப்பிடப் போகலாம்.

பழைய தொலைநோக்கியோடு ஐபீஸில் திருகும் கறுப்புச் சூரியக் கண்ணாடி ஒன்று இருந்தது. பயன்படுத்தலாமா?
– சேலம்

கூடாது. வில்லை குவித்த வெப்பம் முழுதும் அந்தச் சின்னக் கண்ணாடியில் விழும், சொல்லாமல் கொள்ளாமல் விரியும், விரியும்போது உங்கள் கண் அங்கே இருக்கும். வேறு யார் கையிலும் சிக்காமல் சுத்தியலால் உடைத்துப் போடுங்கள். வெல்டிங் கண்ணாடி, எக்ஸ்ரே தாள், கிரகணக் கண்ணாடி எதையும் தொலைநோக்கியின் பின்பக்கம் வைக்கக் கூடாது. வடிகட்டி முன்பக்கம், காற்றில் பறக்காதபடி டேப் ஒட்டி. தாள் வாங்கும்போது 5.0 அடர்த்தி பார்வைக்கு, 3.8 படத்துக்கு மட்டும். இரண்டும் பார்க்க ஒரே வெள்ளிக் காகிதம், உறையைத் தொலைத்துவிடாதீர்கள்.

மாணவர்களுக்கு எவர்ஷெட் விளைவைக் காட்ட ஆசை. 60 மி.மீ. ஹெச்-ஆல்ஃபாவில் முடியுமா?
– மதுரை, ஆசிரியை

முடியாது, ஆனால் அதன் அண்ணனைக் காட்டலாம். 1909-இல் கொடைக்கானலில் ஜான் எவர்ஷெட் கண்டது, கரும்புள்ளியின் இருண்ட நடுவைச் சுற்றியுள்ள புறநிழலில் வாயு நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்கிறது என்பது. வட்டின் நடுவிலிருந்து விலகிய புள்ளிகளில், ஓரத்தை நோக்கிய பாதியில் நிறமாலைக் கோடுகள் சிவப்புப் பக்கமும், நடுவை நோக்கிய பாதியில் நீலப் பக்கமும் நகர்ந்திருந்தன. வேகம் வினாடிக்குச் சில கிலோமீட்டர். ஹெச்-ஆல்ஃபாவில் ஒரு ஆங்ஸ்ட்ராம் நகர்வு என்றால் வினாடிக்கு 46 கி.மீ. 2 கி.மீ.க்கு 0.04 ஆங்ஸ்ட்ராம்தான் நகரும், உங்கள் 0.7 வடிகட்டிக்கு அது தெரியாது.

ஆனால் ஓர் இழை பிய்த்துக்கொண்டு கிளம்பும்போது அது வினாடிக்கு 50 கி.மீ.யையும் தாண்டி நம்மை நோக்கி வரும். கோட்டின் நடுவில் டியூன் செய்திருந்தால் இழை கண்ணெதிரே காணாமல் போகும். வளையத்தை நீலப் பக்கம் நகர்த்தினால் மறுபடி அதே இடத்தில் தோன்றும்! மாணவர்களை மாறி மாறி வளையத்தைத் திருப்பச் சொல்லுங்கள். நகரும் பொருளின் ஒளி நிறம் மாறும் டாப்ளர் விளைவைக் கரும்பலகையில் விளக்குவதைவிட இது மேல்.

கால்சியம்-கே கருவி வாங்கலாமா? இரட்டை எட்டலான் மதிப்புள்ளதா?
– கோவை

393.4 நானோமீட்டர் ஊதாவைக் கேமரா பார்க்கும், நம் கண் சரியாகப் பார்க்காது. வயதாக ஆகக் கண்வில்லை மஞ்சளாகி இன்னும் குறையும். படமெடுப்பவருக்கு மட்டும். கொடைக்கானலில் நூறாண்டுக்கு மேலாக எடுத்துச் சேர்த்த கால்சியம்-கே தட்டுகள் இன்று எண்ணிமமாகியிருக்கின்றன, அவற்றை முதலில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இரட்டை எட்டலான் அகலத்தை 0.7-இலிருந்து 0.5 ஆங்ஸ்ட்ராமுக்கு இறக்கும். இரட்டை விளிம்பு மறைந்து வட்டின் பரப்பு கம்பளிபோல மேலெழும். தழல் கொஞ்சம் மங்கும், இரண்டு எட்டலான்களுக்கும் நடுவே பேய்ப்பிம்பம் ஒன்று வரும், ஒன்றைச் சாய்த்து அதை ஓரங்கட்ட வேண்டும். பணம் இருந்தால் 60 மி.மீ. இரட்டையை, 100 மி.மீ. ஒற்றைக்கு முன்னால் வைப்போம். குருணையும் புறநிழலும்தான் வேண்டும் என்றால் ஹெச்-ஆல்ஃபாவே வேண்டாம். 80, 100 மி.மீ. ஒளிவிலகல் தொலைநோக்கியில், ஒளியின் பெரும்பகுதியை வெளியே தள்ளும் ஹெர்ஷல் ஆப்பு என்ற கண்ணாடியும், 3.0 அடர்த்திக் கண்ணாடியும், 540 நானோமீட்டர் பச்சை வடிகட்டியும் போதும். ஆப்பைப் பிரதிபலிப்புத் தொலைநோக்கியில் மாட்டக் கூடாது.

மழைக்காலத்தில் கருவியை எப்படி வைப்பது?
– நாகப்பட்டினம்

கடற்கரைக்காரர் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் கெடுவது தடுப்பு வடிகட்டி. பூச்சுகளுக்கு நடுவே ஈரம் புகுந்து பால்போல வெளுக்கும், காட்சி மங்கலாகும், டியூன் எங்கே திருப்பினாலும் துலங்காது. பழைய கருவி வாங்குபவர் ஐபீஸைக் கழற்றி, கருவியைச் சூரியன் பக்கம் திருப்பாமல், டார்ச் ஒளியில் அந்த வடிகட்டியைப் பார்க்க வேண்டும். புள்ளி புள்ளியாக வெளுத்திருந்தால் விலையில் ஒரு வடிகட்டியின் காசைக் கழித்துப் பேசுங்கள்.

வைப்பதற்கு ரப்பர் வரம்பிட்ட பிளாஸ்டிக் டப்பா, உள்ளே 200 கிராம் நீல சிலிக்கா ஜெல் துணிப்பையில் கட்டி. இளஞ்சிவப்பானதும் வாணலியில் குறைந்த தீயில் நீலமாகும் வரை வறுத்து, முழுக்க ஆறிய பின் திரும்ப வையுங்கள். நீல வகையில் கோபால்ட் உப்பு இருக்கிறது, சமையல் வாணலி வேண்டாம், பழையது ஒன்றை இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள்.